செருகியதும் விழித்த பெட்டிகள்: 80களின் வீட்டுக் கணினிக்கும் இன்றைய கணினிக்கும் நடுவே என்ன நடந்தது?

பதிவு 1 – மாடிப்பெட்டி

அனைவருக்கும் வணக்கம். லண்டனில் காலமான என் பெரியப்பாவின் வீட்டைச் சென்ற மாதம் ஒழித்துக்கொண்டிருந்தபோது, பரணில் ஒரு சிங்க்ளேர் இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியும், எட்டு கேசட்டுகள் அடுக்கிய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்றும் கிடைத்தன. கணினி 48 கிலோபைட் நினைவகம் கொண்டது. ரப்பர் விசைகள் பதித்தது. 1982ஆம் ஆண்டு வெளிவந்த மாதிரி. சிறுவனாக அங்கே விடுமுறைக்குப் போனபோது அதைத் தொலைக்காட்சியில் இணைத்துப் பார்த்திருக்கிறேன். ஆன், ஆஃப் பொத்தான் எதுவும் அதற்குக் கிடையாது. அடாப்டரின் முனையைச் செருகினால் திரை ஓரிரு நொடி கருத்து, பிறகு வெளுத்து, அடியில் நிறுவனத்தின் பெயரும் ஆண்டும் கொண்ட ஒற்றை வரி மட்டும் தோன்றும். அதன்பின் நாம் என்ன சொல்கிறோம் என்று அது பார்த்துக்கொண்டிருக்கும்.

எனக்கு இரண்டு கேள்விகள். இத்தனை ஆண்டு கழித்து இதை மின்னிணைப்பில் செருகலாமா என்பது முதலாவது. வேகம் கூடியது, விலை குறைந்தது என்ற கதையை நாம் எல்லோரும் அறிவோம். எனவே இரண்டாவது கேள்வி அதைப் பற்றியது அன்று. நிரல் எழுதச் சொல்லிக் காத்திருந்த அந்தப் பெட்டி, கடவுச்சொல்லும் புதுப்பிப்பும் கேட்டுவிட்டு ஆப்களின் வரிசையைக் காட்டும் இன்றைய பெட்டியாக எந்தக் கட்டத்தில், எதனால் மாறியது? அறிந்தவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.


பதிவு 2 – சில்லுத்தச்சன்

தங்கள் பெரியப்பாவின் மறைவுக்கு என் இரங்கல்.

அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். கையில் கிடைத்த ஏதோ ஒரு 9 வோல்ட் அடாப்டரை அதில் செருகிவிடாதீர்கள். இன்று கடைகளில் விற்கும் பெரும்பாலான அடாப்டர்களில் நடுமுனை நேர்மின்; ஸ்பெக்ட்ரத்துக்கு நடுமுனை எதிர்மின்னாக இருக்க வேண்டும். அதன் பழைய ரேம் சில்லுகளுக்கு 12, 5, எதிர்மறை 5 என்று மூன்று மின்னழுத்தங்கள் தேவை. எதிர்மறை 5 வோல்ட் வராமல் மற்ற இரண்டும் மட்டும் வந்தால் சில்லுகள் வரிசையாகப் போய்விடும். முதலில் மின்தேக்கிகளை மாற்றுங்கள். மல்டிமீட்டரால் மூன்று அழுத்தங்களையும் அளந்து பார்த்த பிறகு தொலைக்காட்சியை இணைக்கலாம்.

இரண்டாவது கேள்விக்கு என் பதில், அந்தக் காத்திருப்பு சிக்கனத்தால் வந்தது என்பதே. யாரும் அதை ஒரு கொள்கையாக வகுத்துக்கொண்டு செய்யவில்லை.

1975 ஜனவரியில் ஓர் அமெரிக்க மின்னணு இதழின் அட்டைப்படமாக வந்த ஆல்டேர் 8800, வீட்டுக்குக் கணினி வாங்கலாம் என்ற எண்ணத்தையே முதன்முதலில் பரவலாக்கியது. அதற்கு விசைப்பலகையும் இல்லை, திரையும் இல்லை. முகப்பில் இருந்த சிறு சுவிட்சுகளை மேலும் கீழும் தட்டி ஒவ்வொரு பைட்டாக உள்ளே செலுத்த வேண்டும்; விடை விளக்குகளாக எரியும். அடிப்படை நினைவகம் 256 பைட், அதாவது இந்தப் பத்தியின் முதல் வாக்கியத்தைக்கூட அதற்குள் அடக்க முடியாது. அதே ஆண்டில் எம்ஓஎஸ் நிறுவனம் கணினியின் மூளையான செயலிச் சில்லு ஒன்றை, 6502 என்ற பெயரில், 25 டாலருக்கு விற்கத் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு வெளியான இன்டெல் 8080இன் அறிவிப்பு விலை 360 டாலர் என்பதோடு ஒப்பிட்டால், கராஜில் உட்கார்ந்து சால்டர் செய்தவர்களுக்கு அது என்னவாகப் பட்டிருக்கும் என்று புரியும். 1977இல் ஆப்பிள் 2, கமடோர் பெட், டிஆர்எஸ்-80 ஆகிய மூன்றும் விசைப்பலகையோடு கடைக்கு வந்தன; முதல் இரண்டிலும் இருந்தது 6502தான்.

இங்கிலாந்தில் கிளைவ் சிங்க்ளேர் இந்தச் சிக்கனத்தைக் கடைசி எல்லைவரை கொண்டுபோனார். 1980இல் 100 பவுண்டுக்குச் சற்றுக் குறைவாக விற்ற இசட்எக்ஸ்80இல் திரையை வரையும் வேலையையும் செயலியே செய்ததால், விசையைத் தட்டும் ஒவ்வொரு முறையும் படம் துள்ளி மறைந்து திரும்பும். அதில் இருந்த 21 சில்லுகள் அடுத்த ஆண்டின் இசட்எக்ஸ்81இல் 4 ஆகக் குறைந்தன, விலை 69.95 பவுண்டாக இறங்கியது. உங்கள் கையில் உள்ள ஸ்பெக்ட்ரம் அதற்கு அடுத்தது.

ஸ்பெக்ட்ரத்தில் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலந்து பிசிறடிப்பதைக் கவனித்திருப்பீர்கள். காரணம் எளிய கணக்கு. திரையில் 256க்கு 192 புள்ளிகள். புள்ளிக்கு ஒரு பிட் வைத்தால் 6,144 பைட். ஒவ்வொரு புள்ளிக்கும் எட்டு நிறங்களில் ஒன்றைத் தனியாகக் குறிக்க நினைத்தால் 18,432 பைட் வேண்டும். மலிவான மாதிரியின் மொத்த நினைவகமே 16,384 பைட்! ஆகவே எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட கட்டம் ஒன்றுக்கு இரண்டே நிறங்கள் என்று வைத்து, 768 பைட்டில் வண்ணத்தை முடித்துக்கொண்டார்கள். சிவப்புச் சட்டைக்காரன் பச்சை மரத்தைத் தாண்டும்போது மரமும் சிவந்துபோனது இதனால்தான்.

பேசிக் என்ற எளிய நிரல்மொழி பெட்டிக்குள் பிறந்ததும் இதே வழியில்தான். வட்டு இயக்கி கணினியைவிட விலை கூடியதாக இருந்த காலம் அது. வெளியிலிருந்து எதையும் ஏற்ற வழியில்லாத பெட்டி, விழித்தவுடன் ஏதாவது ஒரு மொழியை அறிந்திருந்தாக வேண்டும்; இல்லையென்றால் அதைக் கதவுக்கு முட்டுக்கொடுக்க மட்டுமே பயன்படுத்தலாம். எனவே மின்சாரம் போனாலும் அழியாத நினைவகமான ரோமில் பேசிக்கை எரித்துக் கொடுத்தார்கள்.


பதிவு 3 – நாடாக்காரன்

சில்லுத்தச்சன் ஐயாவின் கணக்கில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் இழையைத் தொடங்கியவரின் கேள்விக்குள்ளேயே ஒரு மயக்கம் இருப்பதைச் சொல்ல வேண்டும். அன்று கணினி வைத்திருந்தவர்கள் எல்லோரும் நிரல் எழுதினார்கள் என்பது பின்னாளில் நாம் சேர்த்துக்கொண்ட கதை. நானும் இங்கிலாந்தில் வளர்ந்தவன். எங்கள் தெருவில் ஐந்து வீடுகளில் கணினி இருந்தது. ஐந்திலும் விளையாட்டுதான் ஓடியது. ஜே விசையைத் தட்டினால் 'லோடு' என்ற முழுச்சொல்லும் வந்துவிடும். பிறகு மேற்கோள் குறி இரண்டு முறை, பிறகு என்டர். எங்களில் பெரும்பாலோருக்குத் தெரிந்த பேசிக் மொத்தமும் இவ்வளவுதான்.

அதற்கே பொறுமை தேவைப்பட்டது. 48 கிலோபைட் விளையாட்டு ஏறுவதற்கு நான்கு, ஐந்து நிமிடம் ஆகும். திரையின் ஓரத்தில் முதலில் சிவப்பும் வெளிர்நீலமுமாகப் பட்டைகள் ஓடும். தகவல் வரத் தொடங்கியதும் அவை நீலமும் மஞ்சளுமாக மாறிக் கிரீச்சிடும். கடைசி நொடியில் யாராவது மேசையை இடித்தால் 'டேப் லோடிங் எரர்' என்று வந்து எல்லாம் வீணாகும். என் நண்பனின் டேப் ரெக்கார்டரில் கேசட்டைத் தொடும் ஹெட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு திருகாணி இருந்தது. அவன் நாடாவில் ஏற்றியது என் வீட்டில் ஏறவில்லை என்றால், அந்தத் திருகாணியைக் கால் சுற்று திருப்பி, ஒலி தெளிவாகும் இடத்தைக் காதால் பிடித்து நிறுத்துவோம். அந்தக் காலத்தில் நான் கற்ற ஒரே கணினி நுட்பம் இது என்று சொன்னால் மிகையாகாது.

இதழ்களில் அச்சிட்ட நிரல்களைப் பார்த்துத் தட்டிய கூட்டம் ஒன்று இருந்தது உண்மை. நெதர்லாந்தில் வானொலியிலேயே நிரல்களை ஒலியாக ஒலிபரப்பி, கேட்பவர்கள் கேசட்டில் பதிந்துகொண்டார்கள். அவர்கள் சிறுபான்மை என்பதே என் வாதம். பெட்டி மாறியதால் மக்கள் மாறவில்லை. மக்கள் முதலிலிருந்தே அப்படித்தான் இருந்தார்கள்.


பதிவு 4 – கரும்பலகை

ஓய்வுபெற்ற ஆசிரியை என்ற முறையில் நாடாக்காரன் சொல்வதில் பாதியை ஏற்கிறேன்.

சிங்க்ளேருக்குப் போட்டியாக ஏகார்ன் நிறுவனம் தயாரித்த பிபிசி மைக்ரோவைப் பற்றி யாரும் இன்னும் பேசவில்லை. பிபிசி தொலைக்காட்சி, மக்களுக்குக் கணினி கற்பிக்கும் நிகழ்ச்சியொன்றைத் திட்டமிட்டபோது அதனுடன் விற்க ஒரு கணினியும் வேண்டும் என்று முடிவு செய்து, கேம்பிரிட்ஜில் இருந்த ஏகார்னைத் தேர்ந்தது. 1981 டிசம்பரில் அது வெளிவந்தது. பிரிட்டிஷ் அரசு பள்ளிகளுக்குப் பாதி விலையை மானியமாகத் தந்தது. 12,000 விற்றால் போதும் என்று கணக்கிட்ட கணினி இறுதியில் 15 லட்சத்துக்கு மேல் விற்றது. சோஃபி வில்சன் எழுதிய அதன் பேசிக்கில் செயல்முறைகளுக்குப் பெயரிட்டுத் தனித்தனியே எழுதலாம். நிரலின் நடுவிலேயே, செயலிக்கு நேரடியாகக் கட்டளையிடும் அசெம்பிளி மொழியையும் சேர்க்கலாம். ஸ்பெக்ட்ரத்தின் பேசிக்கைக் கற்றவர்கள், வரி விட்டு வரி தாவச் சொல்லும் 'கோ டு' கட்டளைகளின் காட்டுக்குள் அலைந்துகொண்டிருந்தபோது பிபிசியின் மாணவர்கள் ஒழுங்காக எழுதப் பழகினார்கள் என்பது என் அபிப்பிராயம். ஸ்பெக்ட்ரம்காரர்கள் பொறுத்தருள்க.

இந்தப் பிபிசி மைக்ரோதான் இந்தியாவுக்கும் வந்தது. 1984-85இல் மத்திய அரசு தொடங்கிய 'கிளாஸ்' திட்டத்தில் பள்ளிகளுக்கு வழங்கப்பட்டது இதுவே. நான் அப்போது பணியாற்றிய பள்ளிக்கும் சில பெட்டிகள் வந்தன. தனி அறை, குளிர்சாதனம், சன்னலுக்குத் திரைச்சீலை. செருப்பை வாசலில் விட வேண்டும். சாவி தலைமையாசிரியரின் மேசை இழுப்பறையில் இருக்கும். ஒரு பெட்டிக்கு ஆறு பிள்ளைகள் என்று உட்கார வைத்து வாரத்துக்கு ஒரு வகுப்பு. செருகியதும் முதலில் ஒரு தாழ்ந்த ஒலியும் தொடர்ந்து ஒரு கீச்சொலியும் வரும். அந்த இரண்டாவது ஒலிக்கு வகுப்பே நிமிரும். விசையைத் தொட ஒருவனுக்குக் கிடைத்த நேரம் ஆறு, ஏழு நிமிடம். மற்ற ஐவரும் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். பாடநூல் முடிந்தபோது அறையும் பூட்டப்பட்டது.

அதனால்தான் சொல்கிறேன்: பெட்டி திறந்திருந்தது உண்மைதான், ஆனால் அறை பூட்டியிருந்தது. நிரல் எழுதியவன் யார் என்று பார்த்தால், இரவு பத்து மணிக்கும் அந்தப் பெட்டியைத் தொடும் உரிமை இருந்தவன் எவனோ அவனே.


பதிவு 5 – பலகைமாற்றி

இழையில் இதுவரை ஐபிஎம் வரவில்லை. இரண்டாவது கேள்விக்கு நேரடியான பதில் அங்கேதான் இருக்கிறது.

1981 ஆகஸ்ட் 12 அன்று வந்த ஐபிஎம் பிசியை எல்லோரும் அலுவலக இயந்திரமாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். அதன் மலிவான மாதிரியின் விலை 1,565 டாலர். 16 கிலோபைட் நினைவகம். வட்டு இயக்கி கிடையாது. பின்புறத்தில் கேசட் செருகும் துளை இருந்தது. வட்டு இல்லாமல் இயக்கினால் அதுவும் ரோமில் இருந்த பேசிக்கோடு விழித்தது! ஆக, பிறந்தபோது அதுவும் ஸ்பெக்ட்ரத்தின் சாதிதான். 1983இல் 10 மெகாபைட் ஹார்டு டிஸ்க்குடன் அதன் அடுத்த மாதிரியான எக்ஸ்டி வந்தபோது கேசட் துளை நீக்கப்பட்டது. மாற்றம் எந்தக் கட்டத்தில் நடந்தது என்று கேட்டீர்கள். அந்தத் துளை அடைபட்ட இடத்தை நான் காட்டுவேன். வட்டு வீட்டுக்குள் வந்ததும் ரோமில் மொழியை எரித்து வைக்கும் கட்டாயம் போய்விட்டது. இயங்குதளம் வட்டிலிருந்து ஏறியது. பேசிக் அதில் கிடக்கும் பல கோப்புகளில் ஒன்றாகிவிட்டது.

அடுத்தது நகல்கள். அவசரமாகச் செய்த ஐபிஎம், சந்தையில் கிடைத்த உறுப்புகளையே பயன்படுத்தி, சுற்றுப்படத்தையும், கணினியை விழிக்கவைக்கும் அடிப்படை நிரலான பயாஸையும் கையேட்டில் அச்சிட்டும் கொடுத்தது. அந்த நிரலை அப்படியே எடுத்தால் வழக்கு வரும். எனவே அதைப் படித்தவர்கள் அது என்ன செய்கிறது என்று மட்டும் குறிப்பெழுத, படிக்கவே படிக்காத வேறொரு குழு அந்தக் குறிப்பை வைத்துப் புதிதாக எழுதியது. காம்பேக் நிறுவனம் இந்த வழியில் 1982 நவம்பரில் தன் நகலை அறிவித்தது. 1984 முதல் ஃபீனிக்ஸ் நிறுவனம் அதே போன்ற பயாஸை வேண்டியவர்க்கெல்லாம் விற்றது. அதன்பின் யார் வேண்டுமானாலும் பிசி செய்யலாம் என்றானது.

90களில் சென்னை ரிச்சி தெருவில் நான் செய்த வேலையும் இதன் கடைசிக் கண்ணிதான். ஒரு கடையில் மதர்போர்டு, இன்னொன்றில் ரேம், மூன்றாவதில் கேபினட். மாடிப்படிக்கு அடியில் இருந்த மேசையில் வைத்துப் பூட்டி, வாடிக்கையாளர் டீ குடித்து முடிப்பதற்குள் இயக்கிக் காட்டுவோம். கேபினட்டின் உள்விளிம்பு கத்தி போல இருக்கும். விரலில் பிளாஸ்டர் இல்லாத அசெம்பிளரை நான் பார்த்ததில்லை. நினைவகத்தில் முதல் 640 கிலோபைட் மட்டுமே அன்றைய இயங்குதளமான டாஸின் நிரல்களுக்கு நேரடியாகக் கிடைக்கும் என்பதால், ஒரு விளையாட்டை ஓட வைக்க, கணினி விழிக்கும்போது படிக்கும் கான்ஃபிக், ஆட்டோஎக்ஸெக் கோப்புகளில் வரிகளை மாற்றி மாற்றி முயல்வோம். நிரல் எழுதாதவனும் தன் கணினி எப்படி விழிக்கிறது என்பதை அறிந்திருந்த காலம் அது.

பேசிக் உடனே மறைந்துவிடவும் இல்லை. 1991இல் வந்த டாஸ் 5இல் கியூபேசிக் என்ற வடிவில் இருந்தது. 1995 ஆகஸ்ட் 24 அன்று வந்த விண்டோஸ் 95இன் குறுந்தகட்டிலும் அது இருந்தது. ஆனால் தேடினால் மட்டுமே கிடைக்கும் ஒரு மூலைக் கோப்புறையில்.


பதிவு 6 – நாடாக்காரன்

பலகைமாற்றி சொன்ன கேசட் துளையை நான் அறிந்திருக்கவில்லை. நன்றி.

ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். சிக்கனப் பெட்டிகளுக்கும் ஐபிஎம் நகல்களுக்கும் நடுவே ஒரு கிளை முளைத்தது. 1985இல் வந்த கமடோரின் அமிகாவும் அடாரி எஸ்டியும் படத்திலும் ஒலியிலும் அன்றைய பிசியை வெகுதூரம் பின்தள்ளின. எஸ்டியில் மின்னணு இசைக்கருவிகளை இணைக்கும் மிடி துளை உள்ளேயே இருந்ததால் இசைக்கூடங்கள் அதைப் பல ஆண்டுகள் விடவில்லை. ஆனால் இவை ஒவ்வொன்றையும் ஒரே ஒரு நிறுவனம்தான் செய்ய முடியும். சிங்க்ளேர் 1986இல் தன் கணினித் தொழிலை ஆம்ஸ்ட்ராடுக்கு 50 லட்சம் பவுண்டுக்கு விற்றார். கமடோர் 1994இல் திவாலானது. ஆயிரம் கடைகள் செய்த பெட்டியே நிலைத்தது. ஆக, பிசி வென்றதற்குக் காரணம் தரம் அன்று; அதை யாராலும் நிறுத்த முடியவில்லை என்பதுதான்.


பதிவு 7 – சில்லுத்தச்சன்

இரு நாள் கழித்து வருகிறேன். கரும்பலகை அம்மா குறிப்பிட்ட சோஃபி வில்சனின் கதை பிபிசி மைக்ரோவோடு முடியவில்லை. அடுத்த கணினிக்குத் தகுந்த செயலி சந்தையில் இல்லை என்று கண்ட ஏகார்ன், தானே ஒன்றைச் செய்ய முடிவெடுத்தது. வில்சன் கட்டளைத் தொகுதியை வகுக்க, ஸ்டீவ் ஃபர்பர் உள்கட்டமைப்பை வரைந்தார். 1985 ஏப்ரல் 26 அன்று முதல் சில்லு வந்து சரியாக இயங்கியது. ஃபர்பர் மின்னோட்டத்தை அளந்தபோது மானி பூஜ்யம் காட்டியது. பிறகுதான் தெரிந்தது, சில்லுக்கு மின்சாரமே இணைக்கப்படவில்லை. மற்ற சுற்றுகளிலிருந்து கசிந்த மின்சாரத்திலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. மலிவான பிளாஸ்டிக் உறைக்குள் சூடேறாமல் இருக்க வேண்டும் என்று குறைந்த மின்சாரத்துக்கு வடிவமைத்தது அளவுக்கு மேலேயே பலித்துவிட்டது. ஆர்ம் என்று பெயர்பெற்ற அந்த வடிவமைப்பின் வழித்தோன்றல்தான் உங்கள் கைபேசியிலும், 2020க்குப் பின் வந்த ஆப்பிள் கணினிகளிலும் இருப்பது.

பலகைமாற்றி அவர்களுக்கு ஒரு கசப்பான செய்தி: அந்த ஆப்பிள் கணினிகளில் ரேம் செயலியோடு ஒரே உறைக்குள் இருக்கிறது. கழற்ற முடியாது. கம்பி குறுகினால் வேகம் கூடும், மின்சாரம் குறையும் என்ற காரணம் உண்மையானது. ஆனாலும் எனக்கு அது பிடிக்கவில்லை.

2012 பிப்ரவரி 29 அன்று வந்த ராஸ்பெரி பை என்ற சிறு கணினி, பழைய வழிக்கு ஒரு திரும்பல். கேம்பிரிட்ஜில் கணினியியலுக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களின் எண்ணிக்கையும் ஆயத்தமும் குறைந்துவந்ததைக் கண்டு எபன் அப்டனும் நண்பர்களும் தொடங்கிய முயற்சி அது. விலை 35 டாலர். நினைவகம் 256 மெகாபைட், அதாவது உங்கள் ஸ்பெக்ட்ரத்தைப் போல் ஐயாயிரம் மடங்குக்கும் மேல்.


பதிவு 8 – கரும்பலகை

ராஸ்பெரி பையை என் பேரனுக்கு வாங்கிக் கொடுத்தேன். நல்ல பொருள். ஆனால் மெமரி கார்டில் இயங்குதளத்தை ஏற்றவே ஒரு பெரியவரின் உதவி தேவைப்பட்டது. செருகியவுடன் விழிப்பது வேறு, விழிக்க வைப்பது வேறு.

மாடிப்பெட்டி எங்கே போனார்? மின்தேக்கிகளை மாற்றினாரா?


பதிவு 9 – மாடிப்பெட்டி

மன்னிக்கவும், இழையைத் தவறாமல் படித்துக்கொண்டுதான் இருந்தேன். மின்தேக்கிகளை மாற்றி, சரியான முனையுள்ள அடாப்டரும் வாங்கினேன். மூன்று மின்னழுத்தங்களும் சரியாக இருந்தன. விசைப்பலகைக்குள் இருந்த மெல்லிய ஏடு தொட்டவுடன் பொடிந்துவிட்டது. புதிதாகச் செய்து விற்கிறார்கள் என்பதால் அதையும் மாற்றினேன். நேற்றிரவு பழைய சிறு தொலைக்காட்சி ஒன்றில் 36ஆம் அலைவரிசையைத் தேடிப் பிடித்தபோது அந்த ஒற்றை வரி வந்துவிட்டது.

எட்டு கேசட்டுகளில் ஏழு, நாடாக்காரன் சொன்னபடியே, விளையாட்டுகள். எட்டாவதின் மேல் பெரியப்பா தமிழில் 'கணக்கு' என்று எழுதியிருந்தார். இரண்டு முறை 'டேப் லோடிங் எரர்' வந்தது. திருகாணியைக் காதால் கேட்டபடி சற்றே திருப்பினேன். மூன்றாம் முறை ஏறிவிட்டது. சுமார் நாற்பது வரி கொண்ட நிரல். மதிப்புகளைத் தாங்கும் மாறிகளுக்கு ஆங்கில எழுத்துகளில் பால், வாடகை, ஊருக்கு என்று பெயர் வைத்திருக்கிறார். ஆசையோடு 'ரன்' கொடுத்தேன். 'வேரியபிள் நாட் ஃபவுண்ட், 40:1' என்று நின்றுவிட்டது. வரிகளைப் படித்தால் எங்கேயும் அந்த மாறிகளுக்குத் தொடக்க மதிப்பு கொடுத்திருக்கவில்லை. அவர் இதை முடிக்காமலே விட்டுவிட்டார் என்று தோன்றுகிறது.


பதிவு 10 – சில்லுத்தச்சன்

முடித்துத்தான் வைத்திருக்கிறார். நிரலில் குற்றமில்லை.

ஸ்பெக்ட்ரத்தில் 'சேவ்' கொடுத்தால் நிரல் மட்டுமல்லாமல், அந்த நேரத்தில் நினைவகத்தில் இருந்த மாறிகளின் மதிப்புகளும் சேர்ந்து நாடாவில் பதியும். வட்டு இல்லாதவர்கள் தகவலைச் சேமிக்கக் கண்ட எளிய வழி அதுவே. ஆனால் 'ரன்' கொடுத்த நொடியில் மாறிகள் அனைத்தும் அழிக்கப்பட்டுவிடும். உங்கள் பெரியப்பா இதை அறிந்தே எழுதியிருக்கிறார். அதனால்தான் தொடக்க மதிப்பு வரிகள் இல்லை.

கவலை வேண்டாம், அழிந்தது நினைவகத்தில் இருந்தது மட்டும். நாடாவில் அப்படியே இருக்கும். அடாப்டரைக் கழற்றிச் செருகி, மீண்டும் ஏற்றுங்கள். ஏறியதும் 'ரன்' கொடுக்காமல் 'கோ டு 10' கொடுங்கள். கேசட்டின் பின்புற மூலையில் உள்ள பிளாஸ்டிக் நாக்கையும் முதலில் உடைத்துவிடுங்கள். தவறுதலாக அதன் மேல் எதுவும் பதிந்துவிடக் கூடாது.


பதிவு 11 – மாடிப்பெட்டி

நாக்கு ஏற்கெனவே உடைக்கப்பட்டிருக்கிறது, ஐயா.

'கோ டு 10' கொடுத்தேன். மார்ச் 1984. வாடகை 96 பவுண்டு. பால் 6 பவுண்டு 51 பென்ஸ். ஊருக்கு 40 பவுண்டு. அடுத்து ஏப்ரல் வருகிறது, எழுதி எடுத்துக்கொண்டிருக்கிறேன்.